விடிய விடிய வாசித்த வீதி

நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சிராப்பள்ளியில் நல்ல இசை கேட்க ஆசைப்பட்டவர் மண்டபத்தைத் தேடிப் போகவில்லை. சாமி எந்தத் தெருவில் வருகிறதோ அந்தத் தெருவில் போய்த் திண்ணை பிடித்தார். மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கும் ஆண்டார் வீதிகளும் கடைவீதிகளும், காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும்தான் அன்றைக்கு இந்த ஊரின் கச்சேரி மேடைகள். வாசித்தவர்கள் நாகசுரக்காரர்களும் தவில்காரர்களும். பெரும்பாலோர் இன்று இசை வேளாளர் என்று அறியப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நாவிதர் குடும்பங்களில் பிறந்தவர்களும் கணிசமாக உண்டு. ஊர் அவர்களை ஒட்டுமொத்தமாக மேளக்காரர் என்றது. கல்யாணம், காதுகுத்து, கோயில் புறப்பாடு எதுவும் அவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் அந்த வீதிகளின் திண்ணைகளில் சரிசமமாக உட்கார அவர்களுக்கு இடம் இல்லை.

இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் கலைஞரைப் பற்றி எழுதுவார்கள், ராகத்தைப் பற்றி எழுதுவார்கள். கேட்கும் இடத்தைப் பற்றி எழுதுவது குறைவு. ஒரு இசை எந்த இடத்தில், எவ்வளவு நேரம், யார் முன்னால் வாசிக்கப்படுகிறதோ அதுவே அந்த இசையின் உடம்பைச் செதுக்குகிறது என்று நான் நினைக்கிறேன். திருச்சியும் ஸ்ரீரங்கமும் அதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வாழ்ந்த நகரப் பகுதிகளில் ஜாஸும் ப்ளூஸும் வளர்ந்த கதையோடு இதைச் சேர்த்துப் படிக்கும்போது அந்தச் சாட்சியம் இன்னும் தெளிவாகிறது.

முதலில் வீதி. ஸ்ரீரங்கம் ஏழு திருச்சுற்றுகளால் ஆன ஊர். உள் சுற்றுகள் கோயில். வெளிச் சுற்றுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தை மாதத் தேர் உத்திர வீதியில் ஓடும், சித்திரைத் தேர் சித்திரை வீதியில். இந்த வீதிகள் சதுரமாகத் திரும்புவதால் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மூலைகள். பல்லக்கோ வாகனமோ மூலையில் திரும்புவது லேசான காரியமில்லை. சுமப்பவர்கள் தோள் மாற்ற வேண்டும், தீவட்டிக்காரர் வழி விட வேண்டும், கூட்டம் ஒதுங்க வேண்டும். காவிரிக்கரைக் கோயில்கள் எல்லாவற்றிலும் இந்த நிறுத்தங்களை நாகசுரக்காரர் தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டார். சாமி நிற்கும், அவர் வாசிப்பார். ஒரு மூலையில் ஆரம்பித்த ராகம் அடுத்த மூலை வரைக்கும் நீளும். புறப்பாட்டின் நிறுத்தம் நீளும்போது அது வாசிப்புக்காக நீள்கிறதா, வழிக்காக நீள்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த இசைக்கு ஒரு கட்டுக்கோப்பும் உண்டு. சாமி கோயிலை விட்டு வெளியே வரும்போது தவில்காரர் முதலில் முழங்குவார். பிறகு கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. வெறும் சுரமும் தாளமும், மூன்று காலங்களில். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, கும்பத்துக்கு ஒரு மல்லாரி என்று அதன் வகைகளே சடங்கைச் சொல்லிவிடும். தூரத்தில் இருப்பவர் காதால் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். மல்லாரி முடிந்து வீதிக்கு வந்த பிறகுதான் விரிவான ராகம். அப்புறம் ரக்தி, பல்லவி, கீர்த்தனை. நள்ளிரவுக்கு மேல் கேட்பவர் குறைந்து, உண்மையில் கேட்கத் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். வித்துவான்கள் தங்கள் சரக்கை அப்போதுதான் வெளியே எடுத்தார்கள்.

கருவியும் இந்த இடத்துக்கு ஏற்ப அமைந்ததுதான். ஆச்சாமரத்தில் கடைந்த உலவு, கீழே விரியும் அணசு, மேலே உலோகக் கெண்டை, அதில் செருகும் சீவாளி. சீவாளியைக் காவிரிப் பக்கத்து நாணல் வகைத் தட்டையில் செய்வார்கள். பதப்படுத்தி, நறுக்கி, நூல் சுற்றி, உதட்டு ஈரத்துக்கு இணங்கும் வரை பக்குவம் பார்க்க வேண்டும். நாகசுரத்தின் கழுத்தில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளும் தந்த ஊசியும் அலங்காரத்துக்கு இல்லை. மார்கழிப் பனியில் ஒரு சீவாளி ஊறிப் போனால் அடுத்ததை மாட்ட வேண்டும். தவில்காரருக்கு வலக்கை விரல்களில் கூடு: துணியைச் சுற்றிப் பசை போட்டுக் காயவைத்து இறுக்கிய உறை. இடக்கையில் குச்சி. பலாமரக் கட்டையின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய தோல் திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்கும்படி அதிரும். ஒலிபெருக்கி வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே ஒரு தெருவையே நிரப்பக்கூடிய இசைக்குழு இது. பல நாழிகை நின்றும் நடந்தும் இந்தக் கருவிகளை வாசிப்பது உடம்பைப் பிழிந்து எடுக்கும் வேலை.

வீதி மேளக்காரருக்குக் கொடுத்த பெரிய சொத்து நேரம். மானியமும் மரியாதையும் குறைவு. ஆனால் ஒரு ராகத்தோடு இரவு முழுக்க இருக்க அனுமதி இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. மணிக்கணக்கில் வாசிக்க இடம் இருந்த ஊர்களில்தான் அப்படி ஒருவர் உருவாக முடியும். ஒரே இரவில் இரண்டு செட் மேளத்தைக் கூப்பிட்டு, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கும்படி ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். போட்டி கடுமையாக இருக்கும். தோற்றவர் வீட்டுக்குப் போய் சாதகத்தைக் கூட்டுவார்.

இதே நேரக் கணக்கை அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பார்க்கலாம். பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் பகுதிதான் அங்கே கறுப்பினத்தவரின் ஊர். 1920-களிலும் 1930-களிலும் டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தலைவரின் கைப்பிடியில் அந்த நகரம் இருந்தது. மதுவிலக்குச் சட்டம் பெயருக்குத்தான். கிளப்புகள் இரவெல்லாம் திறந்திருந்தன. மற்ற ஊர்களில் ஒரு பாட்டு மூன்று நிமிஷ ரிக்கார்டுக்கு அளவெடுத்து வாசிக்கப்பட்டபோது, இங்கே ஒரே பாட்டை ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். ரீனோ கிளப்பில் கௌண்ட் பேஸியின் குழு வாசித்த காலத்தில் பையனாக இருந்த சார்லி பார்க்கர் கொல்லைப்புறச் சந்தில் நின்று கேட்டார். 1936-இல் ஒரு கூட்டு வாசிப்பில் அவர் தடுமாறியபோது ஜோ ஜோன்ஸ் என்ற தாளக்காரர் தன் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்து நிறுத்தியது ஜாஸ் உலகம் முழுக்கத் தெரிந்த சம்பவம். அவமானப்பட்ட பையன் ஊரை விட்டுப் போய்ச் சாதகம் செய்துவிட்டுத் திரும்பினான். பத்து வருஷத்துக்குள் அந்த இசையையே மாற்றினான். ரீனோ கிளப்பில் வாசித்தவர்கள் கறுப்பர்கள். கறுப்பினத்து வாடிக்கையாளர்களுக்கோ தனி இடம், ஒதுக்குப்புறம். தங்கள் இசையைத் தாங்களே ஓரமாக நின்று கேட்க வேண்டிய நிலை.

அந்த ஓரத்தைத் தமிழ்நாட்டு மேளக்காரர் நன்றாக அறிவார். வீதியை நினைத்து நெகிழ்வது சுலபம். வீதி எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் வாசிப்பவர் தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் என்ற ஊரில் நடந்ததைச் சுயமரியாதை இயக்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மதுரை சிவக்கொழுந்து என்ற நாகசுரக் கலைஞர் ஒரு கல்யாண ஊர்வலத்தில் தோளில் துண்டோடு வாசித்தார். ஊர்ப் பெரியவர்கள் எடுக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எடுக்க வேண்டாம் என்று உறுதியாக நின்றார். ஒரு முழத் துணிக்காகத் தெருவே இரண்டுபட்டது. நாகசுரத்தில் அசுரத்தனம் காட்டிய மனிதருக்குத் தோள் துணியின் மேல் உரிமை இல்லை என்ற ஊர்களில்தான் நம் மகத்தான ராகங்கள் வளர்ந்தன. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்ததும் கோட்டுப் போட்டதும் மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததும் வெறும் கர்வமாகச் சிலருக்குத் தெரிந்தது. எனக்கு அது போராட்டமாகவே தெரிகிறது.

பெண்கள் கதை இன்னும் கடினம். இதே குடும்பங்களின் பெண்கள் கோயிலில் பொட்டுக்கட்டிக்கொண்டு பாடினார்கள், சதிர் ஆடினார்கள். திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் போனால் வரும் விராலிமலை முருகன் கோயிலில் அப்படி 32 பேர் இருந்தார்கள். அவர்களில் எஞ்சியவராக அறியப்படும் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் நட்டுவனாராக இருந்த அவருடைய தந்தை. முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947-இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுரண்டலை அகற்றிய அதே கை, அந்தப் பெண்கள் ஆடிய இடத்தையும் அகற்றியது. ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களிடம், வேறு மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மேடையின் அழைப்பிதழ்கூட வரவில்லை.

மேடை திருச்சிக்கு வந்த கதைக்கு ரயில்வேதான் முதுகெலும்பு. 1914-இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கிய எஃப்.ஜி. நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, நடிகரும்கூட. அந்த சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க அவர் பிடித்து வந்த சிறுவன் பொற்கொல்லர் குடும்பத்துப் பையன். பள்ளிக்கூடம் போகாமல் பாடித் திரிந்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கியவன். அவன்தான் பின்னால் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1926-இல் அதே பையன், வளர்ந்த வாலிபனாக, பொன்மலையில் பவளக்கொடி நாடகத்தில் அர்ச்சுனனாக மேடையேறினார். ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சம்பளத்தோடு வந்து குடியேறினார்கள். சாயங்காலத்தில் போக ஓர் இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நாடகக் கொட்டகை அந்த இடம்.

கொட்டகையின் பெருமை டிக்கெட்டில் இருந்தது. காசு கொடுத்தவன் உட்காரலாம். தரைக்குக் காலணா, நாற்காலிக்குக் கூட என்ற பேதம் இருந்தாலும் பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்தும் பேதம் அங்கே தளர்ந்தது. திருச்சியின் தேவர் ஹால் நாடகங்களும், சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்த சிவாஜி கணேசனும், கடைசிவரை இந்த ஊரில் வாழ்ந்த எம்.ஆர். ராதாவும் அந்தத் தளர்ச்சியின் பிள்ளைகள். பாகவதரின் பாட்டில் கர்நாடக சங்கீதம் கூலிக்காரரின் வாய்க்கு வந்தது. இந்தக் கொட்டகை இசையைச் சாஸ்திரக்காரர்கள் மட்டமாகப் பேசினார்கள். அவர்கள் கேட்கத் தவறியது அவர்களுக்கே நஷ்டம்.

சபா வேறு. சபா உட்கார நாற்காலி கொடுத்தது, கைதட்டல் கொடுத்தது, பேர் அச்சடித்த நோட்டீஸ் கொடுத்தது. வாய்ப்பாட்டுக்காரருக்கு இது பொற்காலம். நாகசுரத்துக்கு அப்படி ஆகவில்லை. தெருவை நிரப்பப் பிறந்த கருவியை நான்கு சுவருக்குள் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டபோது காது வலிக்கிறது என்றார்கள். தமிழ்நாடு முழுக்க சபாக்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன: விழாவின் முதல் நாள், முதல் அரை மணி, மங்கல இசை. உறுப்பினர்கள் வந்து உட்காருவதற்குள் மேளம் முடிந்துவிடும். இதற்கிடையில் நாகசுரத்தின் பிடிகள் வாய்ப்பாட்டில் ஏறி உட்கார்ந்தன. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் ராஜரத்தினத்தின் வாசிப்பு ஒலிப்பதை அந்தக் கால ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள், அவரும் மறைக்கவில்லை. ஆனால் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டியலில் ஜி.என்.பி. இருக்கிறார், ராஜரத்தினம் பிள்ளை இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கடன் உண்டு. சிகாகோவின் தென்பகுதியில் மடி வாட்டர்ஸ் பாடிய ப்ளூஸைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேயப் பையன்கள் அவருடைய 1950-ஆம் வருஷப் பாட்டிலிருந்து தங்கள் குழுவுக்கே பெயர் எடுத்துக்கொண்டார்கள்: ரோலிங் ஸ்டோன்ஸ். 1981 நவம்பரில் அவர்கள் 43-ஆம் தெருவில் இருந்த செக்கர்போர்டு லௌஞ்ச் என்ற சின்னக் கிளப்புக்கு வந்து அவரோடு சேர்ந்து பாடினார்கள். கடன் பட்டவர்கள் கடன் கொடுத்தவரின் தெருவுக்கு வந்து நின்ற இரவு அது. நம் சபாக்களிலிருந்து ஒருவர் எழுந்து சன்னதித் தெரு மூலைக்கு வந்து நாகசுரக்காரரோடு சேர்ந்து பாடிய இரவுகள் நம் சங்கீத வரலாற்றில் பேசப்படவில்லை.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ் இசைக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதைச் சொல்லி மாளாது. தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து வித்துவான்களெல்லாம் ரயிலேறித் திருச்சிக்கு வந்தார்கள். நிலைய வித்துவான் என்றால் மாதச் சம்பளம். கச்சேரி இல்லாத ஆடி மாதத்திலும் அடுப்பு எரியும். மேளக்காரர் வீட்டுப் பையன் அரசாங்க உத்தியோகஸ்தன் ஆனது ஒரு சமூக மாற்றம். இரவு முழுக்க வாசித்தவரிடம் அரை மணி, முக்கால் மணி என்று கடிகாரத்தைக் காட்டியதும் இதே வானொலிதான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆரம்பம், அணைந்தால் முடிவு. எதிரே ஒரு முகம் கிடையாது; தலையாட்டல் கிடையாது. 1946-இல் ஒலிபரப்புத் துறையைக் கையில் வைத்திருந்த சர்தார் படேல், சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சுக்கு ஆளான கலைஞர்களை நிலையத்துக்குள் விடக்கூடாது என்றார். பரம்பரைப் பாடகிகளுக்கு அந்த உத்தரவு என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னால் 1950-களில் கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது குரல் தேர்வும் தரவரிசையும் வந்தன. தெரு மூலையில் ஊரே சேர்ந்து தீர்ப்புச் சொன்ன காலம் போய், ஒரு குழு மதிப்பெண் போடும் காலம் வந்தது.

கௌண்ட் பேஸிக்கும் வானொலிதான் கதவு திறந்தது. ரீனோ கிளப்பிலிருந்து நள்ளிரவில் ஒலிபரப்பான வாசிப்பைச் சிகாகோவில் காரில் உட்கார்ந்திருந்த இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் தற்செயலாகக் கேட்டார். 1936-இல் பேஸி கான்சாஸ் சிட்டியை விட்டுப் போனார். 1939-இல் பெண்டர்காஸ்ட் சிறைக்குப் போனதும் கிளப்புகள் மூடத் தொடங்கின. பிறந்த தெருவில் இசை தேய்ந்தபோது அதன் புகழ் உலகமெங்கும் கேட்டது.

வீதி, சபா, வானொலி மூன்றையும் தன் ஒரே வாழ்வில் இணைத்தவர் என்று ஷேக் சின்ன மௌலானாவைச் சொல்வேன். 1924 மே 12 அன்று ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவதி என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பக்கத்தில் பல தலைமுறைகளாக நாகசுரம் வாசித்துக் கோயில் கைங்கரியம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவருடையது அதில் ஒன்று. சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிபிடம் கற்றார். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டபின் அந்தத் தஞ்சாவூர் பாணி வேண்டும் என்று நாச்சியார்கோவில் ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் வந்து சேர்ந்தார். 1960-களில் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்டார். ஐந்து வேளைத் தொழுகை விடாதவர், அரங்கன் ஊரில், ராமன் மேல் கீர்த்தனை வாசித்து வாழ்ந்தார். இதில் முரண் இருப்பதாக அவரும் நினைக்கவில்லை, அவரைக் கேட்ட ஸ்ரீரங்கத்துக்காரர்களும் நினைக்கவில்லை.

அவர் வாசிப்பில் ஓட்டம் குறைவு, நிதானம் அதிகம். கருவியின் முரட்டுத்தனத்தைத் தணித்து, கீர்த்தனையின் சொல் பிரிவது தெரியும்படி துத்துக்காரம் பிடித்து வாசிப்பார். சபாக்காரர் காது வலிக்கிறது என்ற குறைக்கு அவருடைய வாசிப்பே மறுமொழி. அதற்காக அவர் தெருவை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒரு ராகத்தை ஆற அமர விரித்து நிறுத்தும் பழைய பொறுமை கடைசிவரை அவரிடம் இருந்தது. 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சங்கீத கலாநிதி. மறு வருஷம் ஏப்ரல் 13 அன்று ஸ்ரீரங்கத்தில் காலமானார். அவர் தொடங்கிய சாரதா நாதசுர சங்கீத ஆசிரமம் சாதி மதம் பாராமல் பையன்களைச் சேர்த்துக்கொண்டது. பேரன்கள் காசிமும் பாபுவும் வாசிக்கிறார்கள். அவரிடம் கற்ற ஷேக் மெஹபூப் சுபானியும் அவர் மனைவி காலிஷாபியும் 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஒரு முஸ்லிம் பெண் நாகசுரத்தை எடுத்துக்கொண்டு மேடையேறுவது திருச்சி வட்டாரத்தில் நடந்திருக்கிறது என்பதை இந்த ஊர் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

தாளத்தின் பக்கம் வந்தால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் நகர முடியாது. மாமுண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த ஊர் அது. அவருடைய மரபில் வந்தவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இவர் இடக்கை வாசிப்பாளர். மிருதங்கக்காரர் இடக்கையர் என்றால் பிடில்காரர் வழக்கமான பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அதற்குப் பெரிய வித்துவான்கள் பலர் சம்மதிக்கவில்லை, வருஷக்கணக்கில் இவர் வாய்ப்பில்லாமல் இருந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர்தான் மேடையில் உட்காரும் முறையையே மாற்றி இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிகளுக்கு இவர் வாசித்த மிருதங்கம் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. ஒரு மனிதருக்கு இடம் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் வேண்டாம்.

பழநி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் லால்குடிக்குப் பக்கத்துப் பூவாளூர்க்காரர். 1971-இல் கனடாவின் டொராண்டோவுக்குப் போய், யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். ஜாஸ் கலைஞர்களோடும் ஆப்பிரிக்கத் தாளக்காரர்களோடும் உட்கார்ந்து வாசித்தார். கோர்வை, மோரா என்ற தாளக் கணக்குகள் அங்கே பாடத்திட்டம் ஆயின. காவிரிக்கரைக் கணக்கும் கறுப்பினத்தாரின் தாளமும் ஒரே அறையில் சந்தித்தது இப்படித்தான். 2011-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள்.

இதுவரை பேசிய வீதியிலும் நுழைய முடியாதவர்கள் இருந்தார்கள். பறை அடித்தவர்கள். சாவுக்கும் காவல் தெய்வத்துக்கும் அவர்கள் வேண்டும். சித்திரை வீதிக்கு வேண்டாம். மேளக்காரர் தாழ்த்தப்பட்டார் என்று எழுதும் நாம், அந்த மேளக்காரரே பறையிலிருந்து தம்மை விலக்கி வைத்துக்கொண்டார் என்பதையும் எழுத வேண்டும். கான்சாஸ் சிட்டியோடு ஒப்பிடும்போது ஒட்டாத இடம் இது. அங்கே ஒரே கோடு. இங்கே படிக்குக் கீழே படி. ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் 1987-இல் அகோபில மடத்து ஜீயர் முயற்சியில் 236 அடி உயரத்துக்குக் கட்டி முடிந்தது. அதன் 13 நிலைகளில் ஒன்றுக்கான செலவை இளையராஜா கொடுத்தார். பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரின் பாட்டுக் காசு அந்தக் கோபுரத்தில் கல்லாகவும் சுதையாகவும் நிற்கிறது. அந்தக் கோபுரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இன்றைய நிலவரம் கவலை தருகிறது. சிறிய கோயில்களில் சுவரோரம் ஓர் இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் தாளமும் மாட்டி மோட்டார் வைத்திருக்கிறார்கள். தீபாராதனைக்குக் குருக்கள் பொத்தானை அழுத்துகிறார், சட்டம் முழுக்க ஆடிச் சத்தம் போடுகிறது, திரை போட்டதும் நிற்கிறது. சம்பளம் கேட்காது, லீவு எடுக்காது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது, வரவேற்புக்கு டிஜே. நாகசுரக்காரருக்கு மிச்சம் இருப்பது முகூர்த்த நேரம். அதிலும் அவர் ராகம் எடுத்து நிலைகொள்வதற்குள் யாரோ விரலைக் காட்டுவார்கள், கெட்டிமேளம். விலக்கப்பட வேண்டிய சத்தங்களை மூட மட்டும் கூப்பிடப்படும் இசை எப்படி வளரும்?

பயிற்சிக்குக் குறைவில்லை என்பார்கள், அது உண்மைதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழநி தேவஸ்தானம் இந்த இரண்டுக்கும் தனிப் பள்ளியே நடத்துகிறது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நாட்டியமும் இசையும் கற்பிக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. கற்க இடம் உண்டு, கருவிக்குச் சான்றிதழ் உண்டு. கற்று முடித்தவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசிக்க இடம்தான் இல்லை.

சிகாகோவின் அந்தச் செக்கர்போர்டு லௌஞ்சை 2003-இல் மூடினார்கள், கட்டடம் பழுது என்று. இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வசதியான வேறு பகுதியில் அதே பெயரில் திறந்தார்கள். பழைய தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். பெயர் மட்டும் போகிறது, இடம் சாகிறது என்று. புதிய இடமும் நீடிக்கவில்லை. கான்சாஸ் சிட்டியில் கதை சற்று வேறு. 1917-இல் தொடங்கிய கறுப்பின இசைக்கலைஞர் சங்கத்தின் பழைய கட்டடம் ஹைலண்ட் அவென்யூவில் இருக்கிறது. மற்ற இடங்களில் சம்பளத்துக்கு வாசித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் அங்கே போய்த் தங்களுக்காக வாசிக்கும் பழக்கத்தை வாரக் கடைசிகளில் விடாமல் வைத்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் அந்த நேரத்தையும் காப்பாற்றினார்கள்.

ஸ்ரீரங்கத்தில் கட்டடம் தேவையில்லை, மூலைகள் இருக்கின்றன. இராப்பத்து இரவுகளில் நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து திரும்பி மூலஸ்தானம் போகும்போது வீணை ஏகாந்தம் நடக்கிறது. ஒரு படி ஏற ஒரு பாட்டு என்பதுபோல, பெருமாளே கேட்டுக்கொண்டு மெதுவாகப் போவார். அந்த வீணைக்கு விட்டுக்கொடுக்கும் நேரத்தை வீதியில் நாகசுரத்துக்கும் விட்டுக்கொடுக்க ஆகமம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வருஷத்தில் சில இரவுப் புறப்பாடுகளைத் தேர்ந்தெடுத்து, உத்திர வீதியின் ஒவ்வொரு மூலையிலும் முக்கால் மணி நேரம் என்று அறநிலையத் துறையும் கோயிலும் நேரம் ஒதுக்கலாம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு இருக்கக் கூடாது. வாசிப்பவர் யார் என்பது முன்கூட்டியே தெருவில் எழுதி வைக்கப்பட வேண்டும். நாகசுரக்காரருக்கும் தவில்காரருக்கும் சபா மேடையில் வாய்ப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கும் அதே சன்மானம். இசைப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பையனும் பெண்ணும் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளட்டும், மூத்தவர் அடுத்த மூலையை எடுக்கட்டும். மூலைக்குப் பத்து நாற்காலி போட்டு, அதில் ஒன்றில் வாசித்து முடித்தவர் உட்கார்ந்து அடுத்தவர் வாசிப்பதைக் கேட்கட்டும், தோளில் துண்டோடு.